பன்னிரண்டரை மணிச் சட்டம்

குற்றாலம்
18.6.2025

அன்பு மகன் இசக்கிமணிக்கு, சித்தப்பன் பலவேசம் எழுதுவது.

இங்கே எல்லாரும் நனைந்து நலம். நீ அங்கே காயாமல் நலமாக இருக்கக் குற்றாலநாதரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். போனில் பேசினால் உன் சித்தி மாரித்தாய் பக்கத்தில் நின்று "பொய், பொய்" என்று குறுக்கே விழுகிறாள். அதனால் தாளில் எழுதிப் படம் பிடித்து வாட்ஸப்பில் அனுப்புகிறேன். தாளை யாரும் மறித்துப் பேச முடியாதல்லவா.

சாரல் பிடித்துவிட்டது. மெயினருவியில் பாதுகாப்பு வளைவான ஆர்ச்சைத் தாண்டித் தண்ணீர் விழுகிறது. போலீஸ்காரர்களே என் சிப்ஸ் கடைக்கு வந்து, இன்றைக்கு ஆட்களைக் குளிக்க விடலாமா என்று என்னிடம் கேட்டுவிட்டுத்தான் கயிற்றை அவிழ்க்கிறார்கள். நேற்று ஒரே நாளில் கேரளாக்காரர்கள் ஒரு லாரி நேந்திரங்காய் சிப்ஸைத் தின்று தீர்த்தார்கள்.

உன் அப்பா இருந்தபோது நாம் மூன்று பேரும் ஐந்தருவிக்குப் போவோமே, நினைவிருக்கிறதா? அண்ணன் உன்னைத் தோளில் வைத்துத் தண்ணீருக்குள் நுழைவார். நீ மூச்சுத் திணறி அழுவாய். வெளியே வந்ததும், மறுபடி போகணும் என்று அழுவாய். அதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது, கூடவே கண்ணும் கரிக்கிறது. எண்ணெய்ச் சட்டிப் புகைதான் காரணம்.

இப்போது முக்கியச் செய்தி. சுரண்டை மண்டியில் கணக்கு எழுதும் சங்கிலிப்பாண்டியின் மகள் முத்துச்செல்விக்கு உன்னைப் பேசியிருக்கிறேன். ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறாள், நல்ல பிள்ளை. ஷார்ஜாவில் உனக்கு ஏ.சி. ரூமில் உட்கார்ந்து கையெழுத்து மட்டும் போடுகிற வேலை என்று சொன்னேன். குளிர் தாங்காமல் ஸ்வெட்டர் போட்டிருக்கிறாய் என்றும் சொன்னேன். சங்கிலிப்பாண்டி அசந்துவிட்டார். ஆவணியில் நிச்சயதார்த்தம்.

இப்படிக்கு
குற்றாலம் சிப்ஸ் ராஜா,
பலவேசம்


ஷார்ஜா
5.7.2025

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்தேன். படித்து முடித்ததும் சாரலில் நின்ற மாதிரி இருந்தது. ஆனால் ஸ்வெட்டரைப் படித்ததும் பயம் வந்துவிட்டது. நான் கட்டட வேலையில் கம்பி கட்டுகிறவன் சித்தப்பா. பத்து மணிக்கே கம்பியைக் கையுறை இல்லாமல் தொட முடியாது.

இங்கே ஒரு சட்டம் உண்டு. ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் நடு வரைக்கும், மத்தியானம் பன்னிரண்டரை முதல் மூன்று மணி வரை வெயிலில் யாரையும் வேலை வாங்கக் கூடாது. நிழலும் தண்ணீரும் கொடுக்க வேண்டும். நம் ஊரில் சாரல் அடிக்கிற அதே மாதங்கள். போன வருஷம் அந்த நேரத்தில் நிழலில் படுத்துக் கண்ணை மூடினால் ஐந்தருவிக்குப் போய்விடுவேன். பிடரியில் அருவித் தண்ணீரின் முதல் அடி விழுமே, அதுவரைக்கும் போவேன்.

இந்த வருஷம் புது ஃபோர்மேன். ரோட்டிலிருந்து தெரியாதபடி சுற்றிலும் பச்சைத் துணியைக் கட்டிவிட்டு வேலை வாங்குகிறான். செவ்வாய்க்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு, ராயகிரி வேல்ராஜ் அண்ணன் என் பக்கத்திலேயே சரிந்துவிட்டார். உடம்பு கொதித்தது. ஒரு சொட்டு வேர்வை இல்லை. ஆஸ்பத்திரியில் கண் திறந்துவிட்டார், ஆனால் கிட்னி பழுது என்கிறார்கள்.

அவர் காலை பதினோரு மணிக்கு விழுந்தார் என்று என்னைக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். போட்டால் கம்பெனி தப்பிவிடும், அவர் வீட்டுக்கு ஒன்றும் கிடைக்காது. போடாவிட்டால் எனக்கு ஊருக்கு டிக்கெட். என்ன செய்யட்டும்? சுரண்டை வீட்டில் மட்டும் உள்ளதைச் சொல்லிவிடுங்கள்.

உங்கள்
இசக்கிமணி


குற்றாலம்
9.7.2025

அன்பு மகனுக்கு,

ஒரு கையெழுத்துக்கு இத்தனை யோசனையா? நான் மஸ்கட்டில் இருந்தபோது சட்டமும் கிடையாது, நிழலும் கிடையாது. என் ஹெல்மெட்டில் முட்டையை உடைத்து ஊற்றி ஆம்லெட் போட்டு ஆறு பேர் சாப்பிட்டோம். என்னோடு மல்லுக்கட்டிச் சலித்துப்போய்ச் சூரியனே மேகத்துக்குள் போய் ஒளியும். வேல்ராஜுக்கு உடம்பு வாகு அப்படி. அதற்கு நீ என்ன செய்வாய்?

போட்டுவிடு மகனே. மண்டபம் சொல்லியாயிற்று. நீ கையை வீசிக்கொண்டு வந்து நின்றால் சங்கிலிப்பாண்டி முகத்தில் நான் எப்படி முழிப்பேன்? அண்ணன் இல்லாத வீட்டில் இந்த ஒரு கல்யாணத்தையாவது நான் தலைநிமிர்ந்து நடத்த வேண்டாமா?

பலவேசம்


ஷார்ஜா
16.7.2025

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

மஸ்கட்டில் நீங்கள் மெஸ்ஸில் சோறு பொங்கினீர்கள், நாலாம் மாசமே திரும்பிவிட்டீர்கள் என்று அப்பா சொல்வார். ஆம்லெட் நிஜமாகத்தான் இருக்கும்.

கையெழுத்துப் போடவில்லை. தொழிலாளர் துறைக்குப் போன் பண்ணினேன். அதிகாரிகள் பச்சைத் துணியை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தபோது நாங்கள் எல்லாரும் வெயிலில் கம்பி மேல் நின்றோம். வேல்ராஜ் விழுந்த நேரத்தைச் சொல்ல ஆள் வேண்டும் என்றார்கள். ஒருவரும் அசையவில்லை. நான் போய்ச் சொன்னேன்.

இப்போது பன்னிரண்டரைக்கு வேலை நிற்கிறது. வேல்ராஜ் அண்ணனின் வைத்தியத்தைக் கம்பெனி ஏற்றுக்கொண்டது. எனக்கு இந்த மாசத்தோடு வேலை முடிகிறது. பெண் வீட்டில் வேண்டாம் என்றால் பரவாயில்லை. உங்களைத் தலைகுனிய வைத்ததுதான் மனசை அறுக்கிறது.

இசக்கிமணி


குற்றாலம்
24.7.2025

அன்பு மகனுக்கு,

உன் கடிதம் வந்த அன்று, சீசன் கூட்டத்திலும் கடையை அடைத்தேன். காய்ச்சலா என்று சித்தி என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சுரண்டை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் உன் அப்பா ஞாபகம்தான். அவரும் இப்படித்தான். நான் நூறு சொல்லும் இடத்தில் ஒன்று சொல்வார், அதிலேயே நிற்பார்.

சங்கிலிப்பாண்டியிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். ஏ.சி. இல்லை, ஸ்வெட்டர் இல்லை, என் மகன் கம்பி கட்டுகிறவன், சட்டத்தில் உள்ள நிழலைக் கேட்டதற்கு வேலை போய்விட்டது என்றேன். அந்த மனுஷன் சிரிக்கிறார்.

"அண்ணாச்சி, போன மாசம் ஒரு கத, இந்த மாசம் ஒரு கத சொல்லுதீக. இதுல எது நெசம்?"

காலமெல்லாம் பேசியிருக்கிறேன். உள்ளதைச் சொன்ன அன்றைக்குத்தான் என்னை நம்ப ஆளில்லை. வாய் சும்மா இருக்குமா? ஐம்பது பேர் உன் பின்னால் திரண்டு வந்ததாகவும், ஒரு ஷேக் காரிலிருந்து இறங்கி உனக்குக் கை கொடுத்ததாகவும் சேர்த்துவிட்டேன். அவர் எழுந்து உள்ளே போய்விட்டார்.

முத்துச்செல்வி தண்ணீர் கொண்டுவந்தாள். அப்போதுதான் கடையிலிருந்து வந்திருக்கிறாள், கால் வீங்கிக் கிடந்தது. கடைப் பிள்ளைகள் உட்கார இருக்கை போட வேண்டும் என்று நம் ஊரிலேயே சட்டம் வந்து வருஷக்கணக்காகிறதாம். அவள் கடையில் இன்னும் ஒரு ஸ்டூல் இல்லை. கேட்டால் வேலை போகும் என்று ஒருத்தியும் கேட்கவில்லையாம், இவளும்தான்.

"அந்த அம்பது பேர விட்டுருங்க மாமா. அவுக தனியாவா போய்ச் சொன்னாக?"

"தனியாத்தான் தாயி."

"வேல போகும்னு தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான்."

காலிச் செம்பை வாங்கிக்கொண்டாள். "அப்பாகிட்ட நான் பேசிக்கிடுதேன். நீங்க மேல ஒண்ணும் சேக்காதீக" என்றாள்.

நேற்று சங்கிலிப்பாண்டி போன் பண்ணி, நீ வந்து சேரும் தேதி கேட்டார்.

அன்றிலிருந்து நான் ஒன்றும் சேர்க்கவில்லை மகனே. கடையில் யார் கேட்டாலும், "இசக்கி கம்பி கட்டுதான், ஊருக்கு வாரான்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். நாக்கு அரிக்கிறது. சீக்கிரம் வந்துவிடு.

சித்தப்பன்
பலவேசம்