நான்காம் மாடியில்

என்னவளே,

பேரன் முகம் பார்த்துச் சிரிக்கிறானாமே, மகள் சொன்னாள். நான் நன்றாகத்தான் இருக்கிறேன். கட்டிலை மட்டும் கீழறைக்கு இறக்கிவிட்டேன்.

போன வாரம் ஒரு குடியிருப்பில் லிஃப்ட் நான்காம் மாடியில் நின்றுவிட்டது. உள்ளே ஓர் அம்மா. உச்சியிலுள்ள மோட்டார் அறைக்குப் போனால்தான் அதை நகர்த்த முடியும். படியேறினேன். நான்காம் மாடியிலேயே நெஞ்சை அடைத்தது. லிஃப்ட் கதவோரம் உட்கார்ந்துவிட்டேன். மூச்சிரைப்பு அவருக்குக் கேட்டுவிட்டது.

"தம்பி, என்ன பண்ணுது உங்களுக்கு?"

"ஒண்ணுமில்லம்மா, இதோ திறந்துடறேன்."

"எனக்கு அவசரமில்ல. எந்திரிக்காதீங்க. பேசிட்டே இருங்க."

நான் போனில் கூப்பிட்ட வேறொரு மெக்கானிக் வரும்வரை, மாட்டிக்கொண்டவர்தான் எனக்குத் தைரியம் சொன்னார். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

இதயம் பாதிதான் வேலை செய்கிறதாம். இனிப் படியேறக் கூடாது என்கிறார் டாக்டர். ஓய்வுபெறச் சில மாதங்கள்தானே என்று அலுவலகத்தில் நாற்காலி போட்டுவிட்டார்கள். "அண்ணே, ராஜா மாதிரி உக்காருங்க" என்கிறார்கள். நானும் சிரித்துவைக்கிறேன்.

பச்சைப்பிள்ளைக்காரிக்கு நீ வேண்டும், தெரியும். இத்தனை வருடத்தில் உன்னிடம் எதற்கும் கெஞ்சியதில்லை. தனியாகக் கண்மூடப் பயமாக இருக்கிறது. வந்துவிடேன்.

உன்னவன்