பதினொன்று நாற்பது

ஜனவரி 8, புதன்

கீழே குடோனில் இஞ்சி இறங்கியிருக்கிறது. அந்தக் காரம் மாடி ஆபீஸ் வரை ஏறி வந்து நாள் முழுதும் ஒரே தும்மல். நவம்பர் மழையில் தண்ணீர் புகுந்து கேட்வே மெஷின் செத்துப்போனதே, அதற்குப் பதிலாக நான் வைத்த லினக்ஸ் பெட்டி இதுவரை மக்கர் செய்யவில்லை. ஆபீஸின் அத்தனை கம்ப்யூட்டரும் இந்த ஒரு பெட்டி வழியாகத்தான் வெளி உலகத்தைப் பார்க்கின்றன.

மாலையில் முதலாளி கூப்பிட்டார். மிளகுக்கும் சுக்குக்கும் நாம் வெளிநாட்டுக்கு அனுப்பும் விலை, அன்றைக்கே எங்கள் போட்டிக் கம்பெனியான களமசேரிக்காரர்களுக்குப் போய்விடுகிறதாம். மூன்று ஆர்டர் கைவிட்டுப் போயிற்று. "விலைப்பட்டியல் அடிக்கிறது செல்வி. வேற ஆருக்குத் தெரியும்? அவளோட மெஷினை மட்டும் நோக்கு. ஆரும் அறியக் கூடாது."

பாண்டிச்செல்வியை இங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டதே நான்தான். அதைச் சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

ஜனவரி 9

வைத்துவிட்டேன். கம்ப்யூட்டரிலிருந்து எது போனாலும் பாக்கெட் என்கிற துண்டு துண்டாகத்தான் போகும். ஒவ்வொரு பாக்கெட்டின் தலையிலும் எங்கிருந்து, எங்கே என்று எண் இருக்கும். கேட்வேயில் ஒரு ஃபில்டர் போட்டால், பொருந்துவதை மட்டும் நகல் எடுத்துக் கோப்பில் சேர்க்கும். பொருந்தாதது அதன் வழியே போய்விடும், என் கண்ணுக்கே வராது. அப்புறம் தலைகீழாக நின்றாலும் அதைத் திரும்பப் பார்க்க முடியாது.

நான் போட்டது இரண்டு நிபந்தனை. அனுப்புவது 47-ஆம் எண், அதாவது செல்வியின் மெஷின். வாங்குவது களமசேரிக்காரர்களின் சர்வர். எல்லாவற்றையும் பிடித்து வைத்துப் பிறகு சலித்திருக்கலாம். டிஸ்க் நிறையும், உட்கார்ந்து படிக்க வேண்டும். எதற்கு வம்பு? கேட்டதை மட்டும் கொடுத்தால் போதாதா?

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். இந்த மலையாள ஊரில் ஏது விடுமுறை. செல்வி திருப்பூணித்துறையிலிருந்து இரண்டு பஸ் மாறி, எட்டு மணி வேலைக்குச் சர்க்கரைப் பொங்கல் டிபனோடு வந்துவிட்டாள். "உங்களுக்கு மட்டும்தான் அண்ணாச்சி. இங்க வேற யாருக்குப் பொங்கல் தெரியுது?" முந்திரியைத் தேடித் தேடி என் பக்கம் ஒதுக்கினாள்.

வாங்கித் தின்றேன். கேட்வே பெட்டி எனக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. நன்றாக இருந்தது என்று வேறு சொன்னேன்.

ஜனவரி 18, சனி

மாட்டிவிட்டது. ஒன்பது நாளில் மூன்று தடவை. 11:40, 11:52, 11:34. 47-இலிருந்து களமசேரிக்கு, ஒவ்வொரு முறையும் ஒரே பருமனில் ஒரு கோப்பு. உள்ளே என்ன என்று தெரியாது, பூட்டித்தான் போகிறது. ஆனால் எங்கிருந்து எங்கே என்பதில் சந்தேகமில்லை.

ஏன் செல்வி? உனக்கு என்ன குறை வைத்தார்கள்? எனக்கு வந்தது கோபம்தான். என் பெயரைச் சொல்லி உள்ளே வந்தவள்.

அறிக்கை ஒரு பக்கம். கீழே என் கையெழுத்து.

ஜனவரி 20, திங்கள்

முதலாளி அறை. முதலாளி, அவருடைய மருமகன் அபிராம், நான், அவள். என் அறிக்கையை அவள் முன்னால் வைத்தார்கள். இரண்டு முறை படித்தாள். "பதினொண்ணு நாப்பதுக்கு நான் சீட்லதான் இருந்தேன். ஆனா இது நான் அனுப்பல." அப்புறம் என் பக்கம் திரும்பி, "அண்ணாச்சி, நீங்க சொல்லுங்க, நான் செய்வனா?"

தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அபிராம் போலீஸ் என்றான். முதலாளி, எழுதிக் கொடுத்துவிட்டுப் போனால் போலீஸ் வேண்டாம் என்றார். அவள் அழவில்லை, பேனாவையும் எடுக்கவில்லை. கடைசியில் நான்தான் சொன்னேன்: "எழுதிக் குடுத்துரு செல்வி. ஸ்டேஷன் வாசல் மிதிச்சா இன்னும் கேவலம்."

'நிறுவனத்தின் விலைகளை வெளியாருக்குக் கொடுத்தது நான்தான்' என்று மலையாளத்தில் அடித்து வைத்திருந்த தாள். தமிழில் கையெழுத்துப் போட்டாள்.

ஜனவரி 21

டிபன் பாத்திரத்தை மேசையிலேயே விட்டுப் போயிருக்கிறாள்.

பிப்ரவரி 17, திங்கள்

இதை எப்படி எழுதுவது?

மூன்று மணிக்குக் கரண்ட் போயிற்று. பாட்டரியும் கைவிட்டதால் கேட்வே அணைந்து, கரண்ட் வந்ததும் எழுந்தது. எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பதிவைப் பார்த்தேன். எழுந்த நேரம் 9:35 என்று போட்டிருக்கிறது. சுவர்க்கடிகாரத்தில் 3:05.

ஐந்தரை மணி நேரம். புதுப் பெட்டியை வைத்தபோது இந்திய நேரத்துக்கு மாற்றவே இல்லை. அது உலகப் பொதுநேரத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. மாற்ற வேண்டியவன் நான். மூன்று மாதமாகப் பார்க்காதவனும் நான்.

அப்படியென்றால் 11:40 காலை இல்லை. மாலை 5:10. மற்ற இரண்டும் 5:22, 5:04.

செல்வி எட்டுக்கு வந்து நாலுக்கு மெஷினை அணைத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடுகிறவள். ஒரு நாள்கூட நாலே காலுக்கு அவளை ஆபீஸில் பார்த்ததில்லை.

மேசைக்கடியில் போய் ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது. நாற்பத்து மூன்று வயது ஆளுக்கு.

பிப்ரவரி 18

யார்?

பிடித்து வைத்த கோப்பிலேயே இருந்தது. ஒவ்வொரு மெஷினுக்கும் நாங்கள் கொடுக்கும் 47 மாதிரி எண் இரவல். மெஷின் அணைந்தால் அரை மணியில் கேட்வே அதைப் பிடுங்கி வேறொருவருக்குக் கொடுத்துவிடும். வருகிறவர் போகிறவர் போன் எல்லாம் எண்ணைத் தின்றுவிடுகிறதே என்று அரை மணி ஆக்கியதும் என் கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் ஒவ்வொரு பாக்கெட்டிலும் அந்தக் கருவிக்கே உரிய இன்னொரு எண் இருக்கும், தொழிற்சாலையில் போட்டது. அறிக்கை எழுதும்போது அதைக் காட்டச் சொல்லி நான் கேட்கவில்லை.

இன்று கேட்டேன். மூன்றிலும் கடைசி நான்கு எழுத்து 7C-E1. செல்வியின் மெஷின் இல்லை. டிசம்பரில் நானே சரிசெய்து கொடுத்த லேப்டாப். அபிராமுடையது.

நாலரைக்கு மேல்தான் அவன் ஆபீஸ் பக்கம் வருவான். கட்டிட வேலையாட்கள் ஒரே கட்டிலில் பகலுக்கு ஒருவர், இரவுக்கு ஒருவர் படுப்பார்களே, அந்த மாதிரி ஒரே எண்ணில் பகலில் அவள், மாலையில் அவன். எல்லாவற்றையும் பிடித்திருந்தால் நாலு மணிக்கு ஒரு மெஷின் அடங்கி, பிறகு அதே எண்ணில் வேறொன்று பேசத் தொடங்கியது பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்திருக்கும். என் ஃபில்டர் அதையெல்லாம் தள்ளிவிட்டது.

கோப்பைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டேன். நாளைக்குச் சொல்லிவிட வேண்டும்.

பிப்ரவரி 19

இன்றும் சொல்லவில்லை.

பிப்ரவரி 20

இன்றும் சொல்லவில்லை.

பிப்ரவரி 24, திங்கள்

முதலாளியிடம் சொன்னேன். எண், நேரம், லேப்டாப், எல்லாம். சாயாவை ஆற்றி ஆற்றிக் குடித்தார். தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "தங்கதுரை, அது கழிஞ்ச காரியம். அவ எழுதிக் குடுத்துட்டுப் போயி. இப்ப இதைக் கிளறினா அறிக்கையில ஆரோட கையொப்பு இருக்கு? உன்னோடது. என் மகளோட குடும்பமும் இதுல இருக்கு. அந்தக் கோப்பை அழிச்சுக் களை."

அவர் நின்று பார்க்க, கேட்வேயிலிருந்து அழித்தேன். பென் டிரைவைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அவருக்கு அதிர்ச்சியே இல்லை. அதுதான் என்னை உறுத்துகிறது. முன்பே தெரியுமோ?

மார்ச் 3

செல்வியிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மார்ச் 19

வீட்டுக்காரி விஜி கேட்கிறாள்: "எந்தாணு, என்ன விஷயம்? ஒரு மாசமா மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கீங்க. சாயா ஆறிப்போச்சு, பாருங்க." பாவம், இந்த டைரி அவள் கண்ணெதிரேதான் அலமாரியில் கிடக்கிறது. அவளும் பிள்ளைகளும் மலையாளப் பள்ளிக்கூடம். தமிழ் பேசுவார்கள், எழுத்து தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன். எனக்குத் தெரிந்து இந்த ஊரில் இதைப் படிக்கக்கூடியவள் ஒருத்திதான். பஸ்ஸில் தமிழ்ப் பேப்பர் வாங்கிப் படித்துக்கொண்டே வருவாள்.

இன்றும் சொல்லவில்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

பஜார் ரோட்டில் ஒரு இஞ்சிக் குடோன். உள்ளே பெண்கள் வரிசையாக உட்கார்ந்து தோல் சீவுகிறார்கள். நாலாவது ஆள் செல்வி. பி.காம் படித்தவள். விரல்களில் துணி சுற்றியிருந்தாள்.

என்னைப் பார்த்து அவளாகவே எழுந்து வந்தாள். திட்டுவாள் என்று நின்றேன். "நல்லா இருக்கீங்களா அண்ணாச்சி?" வேறு எங்கும் கணக்கு வேலை கிடைக்கவில்லையாம். போகிற இடத்திலெல்லாம் அந்தக் கடிதத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறார்களாம். புருஷன் பிச்சையே ஒரு நாள் குடித்துவிட்டு, "நெஜமாவே நீ குடுக்கலியா?" என்று கேட்டானாம். அதைச் சொல்லும்போதுதான் குரல் உடைந்தது.

"வேலை வேண்டாம் அண்ணாச்சி. அந்தக் கடுதாசியை மட்டும் திரும்ப வாங்கணும். லேபர் ஆபீஸ்ல எழுதிக் குடுத்திருக்கேன்."

என் சட்டைப் பையில் சாவிக்கொத்து. அதில்தான் அந்தப் பென் டிரைவ் தொங்குகிறது. கையை உள்ளே விட்டு அதைப் பிடித்துக்கொண்டே நின்றேன். நல்லது நடக்கும் என்று சொல்லிவிட்டு வந்தேன். நீயெல்லாம் ஒரு மனுசனாடா?

மே 30

காக்கநாட்டு லேபர் ஆபீஸிலிருந்து கடிதம். கம்பெனித் தரப்புச் சாட்சியாக நான் வர வேண்டும். வக்கீல் சொல்லிக் கொடுத்தார்: "ஒரே கேள்வி. இந்த அறிக்கை உங்களுடையதா? ஆமாம் என்று சொல்லிவிட்டு உட்காருங்கள்."

ஜூன் 12, வியாழன்

"இந்த அறிக்கை உங்களுடையதா?"

"ஆமா சார். ஆனா அது தப்பு."

எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. வந்துவிட்டது. நேரம் தப்பு, எண் இரவல், லேப்டாப் அபிராமுடையது என்று கொட்டித் தீர்த்துப் பென் டிரைவை மேசையில் வைத்தேன். செல்வி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எழுத வரவில்லை.

வக்கீல் எழுந்தார். போன மாதம் சம்பள உயர்வு தரவில்லை என்று இந்த ஆளுக்குக் கோபம், நேற்று உட்கார்ந்து இந்தக் கோப்பைத் தயாரித்திருக்கிறார் என்றார். ஜனவரிக் கோப்பு என்பதற்கு என்ன சாட்சி என்றும் கேட்டார். கேட்வேயில் இருந்ததை நானே அழித்துவிட்டேன். அதிகாரி கேட்டார்: "இது உங்களுக்கு எப்போ தெரியும்? காட்ட ஏதாவது உண்டா?"

போன வாரம்தான் என்று சொல்லத்தான் நினைத்தேன். செல்வி முன்னால் வேறு எதைச் சொல்வது? முதல் கேள்வியை விட்டுவிட்டு, "உண்டு சார், கொண்டு வரேன்" என்றேன். அடுத்த விசாரணை 26.

ஜூன் 13

நாளை முதல் வர வேண்டாமாம். பதினாறு வருஷம்.

ஜூன் 25

முதல் பக்கத்திலிருந்து படித்துப் பார்த்தேன். 7C-E1 என்று பிப்ரவரி 18-இல் என் கையெழுத்தில் இருக்கிறது. இதைவிடப் பெரிய சாட்சி எதுவும் இல்லை. அதற்குக் கீழே இருப்பதும் என் கையெழுத்துத்தான். கிழித்துவிட்டுக் கொடுத்தால் யார் நம்புவார்கள்? பாதியைத் தள்ளிவிட்டுப் பாதியைக் காட்டித்தானே அவளைக் கெடுத்தேன்.

முழுசாகக் கொடுக்கிறேன்.

ஜூன் 26, வியாழன்

டைரி அதிகாரியிடம் இருக்கிறது. இது மகளின் பழைய நோட்டில் மிச்சமிருந்த தாள்.

அதிகாரிக்குத் தமிழ் எழுத்து தெரியாது. வக்கீலுக்கும் தெரியாது. யார் படிப்பது என்று பார்த்தார்கள். நான் படித்தால் வக்கீல் ஒப்பமாட்டார். பிறகு வேறொருவரிடம் கொடுத்து மொழிபெயர்த்துச் சரிபார்க்கலாம், இப்போதைக்கு அந்தப் பெண்ணே படிக்கட்டும் என்றார் அதிகாரி.

செல்வி எழுந்து நின்று படித்தாள். தமிழைப் பார்த்து மலையாளத்தில் சொல்லிக்கொண்டே போனாள். தன் மேல் எனக்கு வந்த கோபத்தை, ஸ்டேஷன் வாசல் மிதித்தால் கேவலம் என்று நான் சொன்னதை, தன் புருஷன் கேட்டதை, எதையும் விடவில்லை. குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. 'இன்றும் சொல்லவில்லை' வரும் இடத்தில் மட்டும் கொஞ்சம் நின்று, "இந்நும் பறஞ்ஞில்லா" என்றாள். அடுத்த பக்கம். "இந்நும் பறஞ்ஞில்லா." சட்டைப் பையில் பென் டிரைவைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் படித்தபோது பக்கத்தைத் திருப்பச் சற்று நேரமாயிற்று. தோல் சீவிய விரல்களுக்குத் தாளைப் பிரிக்க வரவில்லை.

முடிந்ததும் அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வக்கீல் வெளியே போய் முதலாளிக்குப் போன் செய்துவிட்டு வந்தார். மேலே வழக்காட விருப்பமில்லையாம். கோப்புறையிலிருந்து அந்தத் தாளை எடுத்து மேசையில் நகர்த்தினார். ஜனவரி 20, தமிழ்க் கையெழுத்து. செல்வி அதை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

வெளியே பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன். மன்னிப்பு என்ற சொல்லை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவள்தான் பேசினாள்.

"பிப்ரவரி பதினெட்டுல இருந்து நூத்திப் பதினாலு நாள் சொல்லல. எண்ணிட்டேன்." பைக்குள் இருந்த தாளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "அதைக்கூட விடுங்க அண்ணாச்சி. பயந்துட்டீங்க. பொங்கல் அன்னிக்கு நான் கொண்டு வந்ததைச் சாப்பிடும்போதும், என்னைப் பிடிக்க அந்தப் பெட்டி ஓடிட்டுதான் இருந்துச்சா?"

"ஆமா."

தலையை ஆட்டினாள். திருப்பூணித்துறை பஸ் வந்தது, ஏறிவிட்டாள். எனக்கும் அதே பஸ்தான், அங்கே போய் மாறியிருக்கலாம். நான் ஏறவில்லை. திருப்பிக் கொடுக்கலாம் என்று எடுத்து வந்த அவளுடைய டிபன் பாத்திரம் என் பைக்குள்ளேயே இருந்தது.