பாதியில் வந்தவரின் மகள்

ஜூலை 3, வியாழன்

காலையிலிருந்து புழுக்கம். மழை வருகிற மாதிரி காட்டிவிட்டுக் கடலூர் பக்கம் போய்விட்டது. டீச்சரம்மா ரவிக்கை இரண்டும் தைத்து முடித்தேன். கொக்கி மட்டும் பாக்கி.

ஸ்டெல்லாவுக்கு வேண்டிய பேப்பர்கள்:
பன்னிரண்டாம் வகுப்பு மார்க் ஷீட் - இருக்கிறது.
குடியிருப்புச் சான்று - இருக்கிறது.
இவருடைய மிலிட்டரி டிஸ்சார்ஜ் புக் - இரும்புப் பெட்டியில்.
முன்னாள் ராணுவத்தார் பிள்ளை என்கிற சான்று - நாளை நல அலுவலகத்தில்.
போட்டோ - எடுக்கவில்லை. முகப்பரு போகட்டும் என்கிறாள் மகாராணி.

நர்சிங் படிப்பில் முன்னாள் ராணுவத்தார் பிள்ளைகளுக்கு ஒரே ஒரு சீட்டுதானாம். அதற்கு எத்தனை பேர் மோதுகிறார்களோ. ஒருத்தியை மட்டும் நன்றாகத் தெரியும். ரோஷினி. என் கொழுந்தன் மகள். இரண்டு வீடு தள்ளி இருக்கிறாள். இவரும் கொழுந்தனும் இரண்டு பேருமே மிலிட்டரி. ஒரே வீட்டிலிருந்து போனவர்கள்.

சாயங்காலம் ரோஷினியின் அம்மா, என் ஓரகத்தி ஜெயா வந்தாள். "அக்கா, பொண்ணுங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணாவே போட்டோ எடுத்துடலாமா?" போட்டோ ஒன்றாக எடுக்கலாம். சீட்டை ஒன்றாகவா தருவார்கள்? சிரித்துக்கொண்டே காபி போட்டுக் கொடுத்தேன். சர்க்கரை குறைத்துத்தான் போட்டேன். வேண்டுமென்றேதான். அவள் அதையும் குடித்துவிட்டு நல்லா இருக்கு என்றாள்.

ஸ்டெல்லா மார்க்குதான் அதிகம். அந்தத் தைரியத்தில் தூங்கப் போகிறேன்.

ஜூலை 4, வெள்ளி

அலுவலகம் போய் வந்தோம். போகாமலே இருந்திருக்கலாம்.

இவர் வழக்கம்போல ஷூ இரண்டுக்கும் பாலிஷ். செயற்கைக் கால் மாட்டியிருக்கிற இடது ஷூவுக்குத்தான் எப்போதும் பளபளப்பு அதிகம். வியர்வை கிடையாது, மடிப்பு விழாது. பதினேழு வருஷமாகப் பார்க்கிறேன். பாலத்தில் டிராஃபிக். மூன்று சக்கர ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து புடவையெல்லாம் தூசி.

அங்கே இருக்கிற கிளார்க்கும் பழைய மிலிட்டரி ஆள். இவரைப் பார்த்ததும் எழுந்து நின்று பேசினார். மரியாதையான மனுஷன். மரியாதையாகவே தலையில் கல்லைப் போட்டார்.

"மார்க்கு அப்பறந்தாம்மா. மொதல்ல வரிசை பார்ப்பாங்க."

வரிசை என்றால் இப்படி. போரில் செத்தவர்கள் பிள்ளைகள் முதலில். அதில் எனக்குப் பேச்சில்லை. அடுத்து, சர்வீஸில் ஊனமாகி, இனி முடியாது என்று டாக்டர் போர்டு பாதியிலேயே வீட்டுக்கு அனுப்பியவர்கள் பிள்ளைகள். அதற்கும் கீழே, சர்வீஸை முழுதாக முடித்தவர்கள் பிள்ளைகள். ஒரே வரிசையில் இரண்டு பேர் வந்தால்தான் மார்க்.

"எங்க வீட்டுக்காரருக்குக் காலே இல்லியே சார். எல்லையில கண்ணிவெடில போச்சி."

"தெரியும்மா. ஆனா சாரு போர்டு அவுட் ஆகலியே. விருப்பம்னு எழுதிக் குடுத்துட்டு உள்ளியே இருந்துட்டாரு. ஃபுல் சர்வீஸ்."

உண்மைதான். முழங்காலுக்குக் கீழே இல்லாமல் பத்து வருஷம் ஸ்டோரில் உட்கார்ந்து கம்பளி எண்ணிக்கொண்டிருந்தார். கொழுந்தன் லாரியிலிருந்து விழுந்து முதுகில் அடி. போர்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டது. ஆக, இரண்டு காலும் உள்ளவர் மகள் முன்னால். கால் இல்லாதவர் மகள் பின்னால்.

வருகிற வழியில் சிக்னலில் நிற்கும்போது, "வெயில்ல தல வலிக்குதா ரெஜி?" என்றார். முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

ஜூலை 6, ஞாயிறு

பூசைக்குப் போனேன். மனம் பூசையில் இல்லை. முன் பெஞ்சில் ஜெயா. புதுப் புடவை. ரோஷினி தலை குனிந்து ஜெபம். எனக்கென்னவோ சீட்டுக்குத்தான் வேண்டிக்கொள்கிறாள் என்று பட்டது. நான் மட்டும் வேறென்ன வேண்டினேன்.

பூசை முடிந்து வெளியே வந்தால், திருவிழாத் தோரணம் கட்ட ஏணியில் ஏறி நிற்கிறார் யார்? என் கொழுந்தன். முதுகு போனவர். சர்வீஸுக்கே லாயக்கில்லை என்று அனுப்பப்பட்டவர். கையைத் தூக்கி முடிச்சுப் போடுகிறார். கீழே நாலு பேர், "இன்னும் கொஞ்சம் மேல, அண்ணாத்தே."

போனை எடுத்தேன். ஒரு போட்டோ. இன்னொன்று. யாரும் பார்க்கவில்லை.

"அண்ணி, வீட்டுக்குப் போறீங்களா? இருங்க, நானும் வந்துட்டேன்" என்று மேலிருந்து கூப்பிட்டார். அவசரம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மத்தியானம் மீன் குழம்பு. உப்பு அதிகம்.

ஜூலை 8, செவ்வாய்

மறுபடி அலுவலகம். இந்தத் தடவை நான் மட்டும் பஸ்ஸில். ஏதாவது வழி இருக்கிறதா என்று கேட்கத்தான்.

பஸ் போகிற வழியில், பிரெஞ்சு மிலிட்டரியில் இருந்து இன்னும் பிரான்ஸ் பென்ஷன் வாங்குகிற நம்மூர்க்காரர் ஒருவர் வீடு. புது மஞ்சள் பெயிண்ட், வெள்ளைக் கதவு. வாசலில் பேரன், பிரான்ஸிலிருந்து லீவுக்கு வந்திருக்கிறான் போல. அவர்களுடைய சர்க்கார் கடல் தாண்டி இருந்தும் தேடி வந்து தருகிறது. நம்முடையதற்கு நம் கால் கண்ணில் படவில்லை. முன்னெல்லாம் அந்த வீட்டைப் பார்த்து வயிறெரிவேன். இப்போது அதற்குக்கூட நேரமில்லை. எரிச்சல் மொத்தமும் இரண்டு வீடு தள்ளிப் போய்விட்டது.

கிளார்க் சொன்னது: ஒரு மனு போட்டுப் பார்க்கலாம். விருப்பத்தோடு இருக்கவில்லை, எடுத்துச் சொல்ல ஆளில்லாமல் கையெழுத்துப் போட்டேன் என்று சாரே எழுதித் தரவேண்டும். பழைய போர்டு பேப்பரையும் சேர்த்து. "நடக்குமான்னு சொல்ல முடியாதும்மா. கேட்டுப் பாக்கலாம்."

இவர் வங்கி வாசலில் செக்யூரிட்டி டூட்டி முடித்து வந்ததும் சொன்னேன்.

"அப்பிடி எழுத முடியாது."

"ஏன்?"

"நாந்தான் கையெழுத்துப் போட்டேன். யாரும் கைய புடிச்சிப் போட வைக்கல."

"பொண்ணுக்காக ஒரு பேப்பர்ல எழுதக்கூடாதா? உங்க மான ரோஷம்தான் பெருசா? அன்னைக்கும் வீம்பு, இன்னைக்கும் வீம்பு. உங்க தம்பிக்கு இருந்த புத்தி உங்களுக்கு இல்லாமப் போச்சே."

இவர் காலைக் கழற்றி ஓரமாக வைத்தார். உறையை உருவி, தழும்பில் பவுடர் போட்டார். ஸ்டெல்லா உள்ளேயிருந்து, "அம்மா, விடேன்" என்றாள். விட முடியவில்லை. கொட்டித் தீர்த்தேன்.

ஜூலை 10, வியாழன்

ஒரு காரியம் செய்தேன். இங்கே எழுதத்தான் வேண்டும், வேறு யாரிடம் சொல்ல.

மொட்டைக் கடிதம். "முதுகு ஊனம் என்று சலுகை வாங்குகிற இன்னார், ஏணி ஏறி வேலை செய்கிறார். விசாரிக்கவும்." இடது கையால் எழுதினேன். கோழி கிளறின மாதிரி எழுத்து. கடைக்குப் போய் அந்த ஏணிப் போட்டோவைப் பிரிண்ட் போட்டேன். பையன் கேட்டான், "யாருக்கா இவுரு?" தெரிஞ்சவரு என்றேன்.

கவரில் போட்டு ஒட்டி, வெட்டுத்துணி மூட்டைக்குள் வைத்திருக்கிறேன். விலாசம் எழுதவில்லை. மிலிட்டரி பென்ஷன் ஆபீஸின் சரியான விலாசம் இவர் டிஸ்சார்ஜ் புக்கில் இருக்கும். சனிக்கிழமை இவர் டூட்டிக்குப் போனதும் பெட்டியைத் திறக்க வேண்டும். போர்டு பேப்பரையும் அப்படியே எடுத்துவிடலாம்.



ஜூலை 12, சனி

பெட்டி. மேலே இவருடைய பழைய யூனிஃபார்ம், நாப்தலின் உருண்டை. அடியில் பிளாஸ்டிக் கவர். டிஸ்சார்ஜ் புக். போர்டு பேப்பர். சர்வீஸில் தொடர விருப்பம் என்கிற படிவம், இவர் கையெழுத்து, தேதி. இங்கிலீஷ்தான், ஆனாலும் புரிந்தது.

அதே கவரில், அந்தப் படிவத்தோடு குண்டூசி குத்தி, ஒரு இன்லேண்ட் லெட்டர். நீலம் வெளுத்திருந்தது. எழுத்து என்னுடையது. வலது கை எழுத்து.

அப்படியே பார்த்து எழுதுகிறேன்:

"அன்புள்ள அத்தானுக்கு. பாப்பா நலம். எட்டு மாசமாச்சி, தவழுது. ஆஸ்பத்திரியில நல்லா சாப்பிடுங்க. ஒண்ணு சொல்றேன், கோவிச்சிக்காதிங்க. வீட்டுக்கு அனுப்பறோம்னு அவுங்க சொன்னா ஒத்துக்காதிங்க. உங்க தம்பி பாதியில வந்ததுலேருந்து ஊரு அவர எப்பிடிப் பேசுதுன்னு எனக்குத்தான் தெரியும். ஜெயா கோயிலுக்கு வந்தா கடைசி பெஞ்சுல உக்காந்துட்டு மொதல்ல எழுந்து போயிடறா. எனக்கு அந்த நெலம வேணாம். எப்பிடியாவது முழு சர்வீஸ் முடிச்சி வாங்க. நான் பாப்பாவ பாத்துக்கறேன்."

கடிதத்தில் போட்ட தேதிக்குப் பதினோரு நாள் கழித்துப் படிவத்தில் கையெழுத்து.

எழுதினதே எனக்கு ஞாபகமில்லை. சத்தியமாக இல்லை. ஆனால் ஜெயா கடைசி பெஞ்சில் உட்கார்ந்தது ஞாபகமிருக்கிறது. நான் முன் பெஞ்சில் உட்கார்ந்ததும். அதில் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்ததும்.

எல்லாவற்றையும் இருந்தபடியே வைத்துப் பூட்டினேன். விலாசம் எடுக்கவில்லை.

ஜூலை 14, திங்கள்

ஜெயா வீட்டில் கொழுந்தன் படுக்கை. அந்த ஏணிதான். ஒரு வாரமாகத் தாங்கித் தாங்கிப் பார்த்து, நேற்றிலிருந்து எழுந்திருக்கவே முடியவில்லை. ரோஷினி வந்து கூப்பிட்டாள்: "பெரியம்மா, வெந்நீர் பை இருந்தா அம்மா கேட்டாங்க."

எடுத்துக்கொண்டு போனேன். ஜெயா அவரைப் புரட்டிப் போட்டு, இடுப்புக்குக் கீழே துணி மாற்றிக்கொண்டிருந்தாள். "வருஷத்துக்கு ரெண்டு தடவ இப்பிடித்தான்க்கா. வெளிய சொல்றதில்ல. ஏணியில ஏறாதய்யான்னா கேட்டாத்தான. நாலு பேரு கூப்ட்டா மாட்டேன்னு சொல்ல வெக்கம் இவுருக்கு."

நான் ஒரு பக்கம் பிடித்தேன், அவள் ஒரு பக்கம். கனம். பல்லைக் கடித்துக்கொண்டு, "அண்ணி, உங்களுக்கு எதுக்கு செரமம்" என்றார்.

வீட்டுக்கு வந்து கவரைக் கிழித்தேன். போனில் இருந்த இரண்டு போட்டோவையும் அழித்தேன். திருந்திவிட்டேன் என்று இல்லை. சீட்டு ரோஷினிக்குப் போய்விடுமே என்று இப்போதும் பற்றி எரிகிறது. அது வேறு, இது வேறு.

மனுவைப் பற்றி இவரிடம் பேச்செடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை என்று இவரும் கேட்கவில்லை.

ஜூலை 21, திங்கள்

லேசான தூறல். லிஸ்ட் வந்துவிட்டது. ரோஷினிக்கு.

ஸ்டெல்லா ஒரு மணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டாள். பிறகு முகம் கழுவிக்கொண்டு வந்து, லேப் டெக்னீசியன் படிப்புக்கு அப்ளிகேஷன் போடச் சொன்னாள். பொதுப் பிரிவில் மார்க்குக்குக் கிடைக்கலாம். பிறகு ரோஷினி வீட்டுக்குப் போனாள், அவளாகவே. எனக்கு அந்த வயசில் அந்தப் புத்தி கிடையாது. இந்த வயசிலும் இல்லை.

ஜெயா கேக் கொண்டுவந்தாள். கொடுக்கத் தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். வாங்கி வைத்தேன். ஒரு துண்டு தின்றேன், வாய் நிறையத் தித்திப்பு.

அவள் போனபிறகு இவர் வாசலில் உட்கார்ந்து நாளைக்கு ஷூ பாலிஷ். பக்கத்தில் உட்கார்ந்தேன். துணியை வாங்கி இடது ஷூவைத் துடைத்துக்கொண்டே கேட்டேன்.

"பொட்டியில அந்த லெட்டரப் பாத்தேன்."

"ம்."

"அன்னைக்கி அத்தினி திட்டினேனே. எடுத்துக் காட்டியிருக்கலாமில்ல?"

"காட்டி?"



"அப்ப உங்களுக்கு வீட்டுக்கு வரணும்னு இருந்துச்சா?"

"இருந்துச்சி" என்றார். "பாப்பா நடக்கறதுக்குள்ள வந்துடலாம்னு நெனச்சிருந்தேன்." சொல்லிவிட்டு வலது ஷூவை எடுத்துக்கொண்டார்.

ஸ்டெல்லா நடக்க ஆரம்பித்தது, பேசினது, பள்ளிக்கூடம் போனது. எல்லாவற்றுக்கும் வருஷத்துக்கு ஒரு லீவு. இவர் ஒரேயடியாக வந்து சேர்ந்தபோது அவளுக்குப் பதினோரு வயசு. முதல் நாள், "அங்கிள், தண்ணி வேணுமா?" என்று கேட்டாள்.

இரண்டு வீடு தள்ளிக் கொழுந்தன் இருமுகிறார். இங்கே வரைக்கும் கேட்கிறது. அந்தப் பத்து வருஷமும் ஜெயா வீட்டில் வீட்டுக்காரர் இருமுகிற இந்தச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, இங்கே இல்லை.