டெர்மினலில் இருந்த காகிதம்

கள்ளக்குறிச்சி
15.11.1998

என் அன்புள்ள கணவருக்கு,

பெரியநாயகி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். மஸ்கட்டில் வெயில் தணிந்து, உங்கள் கால் வீக்கமும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். நம் பெண் கமலா தீபாவளிக்கு விடுதியிலிருந்து வந்து போனாள். கொஞ்சம் இளைத்திருக்கிறாள். கரும்புக்கு ஆலையிலிருந்து இன்னும் வெட்டு உத்தரவு வரவில்லை.

இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போன் உங்கள் தம்பி செல்லமுத்துவின் அறையில் இருக்கிறது. அதனால்தான் கடிதம்.

விஷயம் நம் காரைப் பற்றியது. நீங்கள் ஆகஸ்டில் மஸ்கட்டுக்குத் திரும்பும் முன் புது பேட்டரி போட்டீர்கள். அக்டோபர் தொடக்கத்தில் ஒரு நாள் காலை ஆறரை மணிக்குச் சாவியைத் திருப்பினேன். உள்ளே எங்கோ 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மறுபடி திருப்பினாலும் அதே 'டக்'. விளக்கு எரிகிறது, ஹாரன் அடிக்கிறது, வண்டி மட்டும் கிளம்பவில்லை. மலைக்குப் போகும் முதல் பஸ், என் பள்ளி இருக்கும் கரியாலூர் சேரும்போது முதல் பாடவேளை முடிந்துவிடும். பத்தொன்பது வருடம் காத்திருந்து தலைமையாசிரியை ஆனவள், பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருக்க, அவர்களைத் தாண்டி வியர்த்துப்போய் உள்ளே நுழைந்தேன்.

சாயங்காலம் திரும்பியபோது கார் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. செல்லமுத்து பேட்டரியைச் சுப்புராயன் பட்டறையில் சார்ஜ் போட்டு வாங்கி வந்ததாகச் சொன்னார். மூன்றாம் வாரம் மறுபடி 'டக்'. மறுபடி தாமதம். இந்த முறை விளக்கம் கேட்டு மேலிடத்துக் கடிதமும் வந்தது. இன்னொரு முறை நடந்தால் பொறுப்பை வேறொருவரிடம் கொடுக்க நேரிடும் என்று அதில் இருந்தது.

இதற்கு நடுவில் செல்லமுத்து அதே காரை இரண்டு ஞாயிற்றுக்கிழமை மணலூர்பேட்டைக்கு, மாமனார் வீட்டுக்கு ஓட்டிப் போனார். ஒரே இழுப்பில் கிளம்பியது. அவர் மனைவி அம்சவள்ளிகூடச் சிரித்துக்கொண்டே, "நீங்க தொட்டா மட்டும் இந்த வண்டிக்கு இன்னா நோவோ, அக்கா!" என்றாள். அவள் கேலிக்குத்தான் சொன்னாள். நான் அன்றிலிருந்து காரணத்தைத் தேட ஆரம்பித்தேன்.

நான் முதலில் சந்தேகப்பட்டது சுப்புராயனை. சார்ஜுக்குப் போன புது பேட்டரியை எடுத்துக்கொண்டு பழசை மாட்டிவிட்டார் என்று நினைத்தேன். பட்டறைக்குப் போய் நாலு பேர் எதிரில் கேட்டும்விட்டேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "இன்னா டீச்சரம்மா, இப்படிக் கேட்டுட்டீங்க? உங்க வூட்டு பேட்டரி இங்க வரவே இல்லியே. அடுத்த தபா டக்குன்னா வண்டிய அப்படியே வுட்டுட்டு ஆள் அனுப்புங்க. நான் வர்ற வரைக்கும் யாரும் கை வெக்கக் கூடாது" என்றார்.

பேட்டரி பட்டறைக்கு வரவே இல்லை என்பதை வீட்டில் நான் யாரிடமும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை மூன்றாவது 'டக்'. நான் காரைவிட்டு நகரவில்லை. செல்லமுத்து பல் விளக்கிக்கொண்டே வந்து, "தள்ளுங்க அண்ணி, நான் பாக்கறேன்" என்று பானெட்டில் கை வைத்தார். வேண்டாம் என்றேன். நான் அவரிடம் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் அங்கேயே நின்றார். நானும் நின்றேன். பக்கத்து வீட்டுப் பையனை அனுப்பியிருந்தேன்; அரை மணி நேரத்தில் சுப்புராயன் வந்தார்.

சுப்புராயன் விளக்கைப் போட்டுச் சாவியைத் திருப்பச் சொன்னார். 'டக்' என்றதும் விளக்கு அணைந்தேபோனது. சாவியை விட்டதும் திரும்ப எரிந்தது. பேட்டரி நன்றாக இருக்கிறது, கரண்ட்தான் வழியில் நிற்கிறது என்றார். ஸ்பேனரால் டெர்மினலைக் கழற்றினார். கம்பியின் கிளாம்புக்கும் பேட்டரி முனைக்கும் நடுவே ஒரு காகிதத் துண்டு மடித்துச் செருகியிருந்தது. ஓரத்தில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்ததால் விளக்குக்கு வேண்டிய கரண்ட் போயிருக்கிறது. இன்ஜினைக் கிளப்பும் செல்ப் மோட்டார் இழுக்க அது போதாதாம்.

லூசாக இருந்தது, டைட்டுக்கு வைத்தேன் என்றார் செல்லமுத்து. "டைட்டுக்குத் தகரம் வெப்பாங்க சாமி. காகிதம் யார்னா வெப்பாங்களா?" என்று கேட்டுவிட்டுச் சுப்புராயன் தலையைக் குனிந்துகொண்டு வேலையைப் பார்த்தார். நம் பம்ப்செட்டைத் தானே பிரித்து மாட்டுகிறவருக்கு இது தெரியாதா? அன்றும் பள்ளிக்கு நேரத்துக்குப் போக முடியவில்லை. மேலிடத்துக்கு நடந்ததை எழுதியிருக்கிறேன். பதில் வரவில்லை.

உங்களுக்கு நினைவிருக்கும், கிளம்புவதற்கு முந்தின நாள் சொன்னீர்கள்: "பொம்பளைக்கு மலை ரோடு எதுக்கு? வேலைய வுட்டுட்டு வூட்ல இரு." இரண்டாவது 'டக்' நடந்த அன்று செல்லமுத்துவும் என்னிடம் அதையே, கடைசியில் ஒரு 'ங்க' மட்டும் சேர்த்து, அதே சொற்களில் சொன்னார். தாள் திருத்துகிறவள் நான். இரண்டு தாளில் ஒரே வரி வந்தால் யார் யாரைப் பார்த்து எழுதினார்கள் என்றுதான் முதலில் தேடுவேன். சொந்த வீட்டில் அப்படித் தேடுவது எனக்கு வெட்கமாக இருக்கிறது. தேடாமல் இருக்கவும் முடியவில்லை.

அந்தக் காகிதத்தை இதனுடன் வைத்திருக்கிறேன். நீங்கள் எழுதும் மெல்லிய நீலத் தாள்தான். தம்பிக்குத் தனியாக எழுதுகிறீர்கள் என்பது எனக்குத் தெரியாது. எண்ணெயும் பச்சைக் கறையும் போக, உங்கள் கையெழுத்தில் இவ்வளவுதான் படிக்க முடிகிறது: "உன் அண்ணி மலைக்கு" என்று ஒரு வரி. அதன் கீழே "எப்படியாவது" என்று ஒரு சொல். அதற்குப் பிறகு கிழிந்திருக்கிறது.

எப்படியாவது பார்த்து அவளை மலைக்கு அனுப்பி வை என்றுகூட எழுதியிருக்கலாம். மூன்று நாளாக அப்படியும் படித்துப் பார்க்கிறேன்.

சுப்புராயனிடம் மன்னிப்புக் கேட்டேன். டெர்மினலைக் கழற்றி மாட்டக் கற்றுக்கொண்டேன். அந்த ஸ்பேனர் இப்போது என் கைப்பையில் இருக்கிறது. நாளைக் காலை வண்டி கிளம்பும்.

கால் வீக்கத்துக்கு உப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். உங்களை எந்தக் குறையும் அண்டாமல் கடவுள் காக்கட்டும். அந்த வரியின் மீதியை மட்டும் உங்கள் கையால் எழுதி அனுப்புங்கள். எதுவாக இருந்தாலும் உள்ளபடி எழுதுங்கள். வீட்டுக்கு வேண்டாம், கரியாலூர் பள்ளி முகவரிக்கே அனுப்புங்கள். அங்கே இருப்பேன்.

இன்னும் உங்கள்,
பெரியநாயகி