அந்தப் பக்கம் நின்றவன்

இன்று காலை மூவார் நாற்காலித் தொழிற்சாலையின் சர்வர் அறைக் கதவைத் திறந்ததும் உன் தைல வாசம் மூக்கில் ஏறியது. ரேக்குக்கு மேலே நீ விட்டுப்போன அதே பச்சைக் குப்பி, மூடி சரியாகத் திருகாமல். அந்த அறையின் குளிர் தாங்காமல் நெற்றியில் தடவிக்கொள்வாய், அங்கேயே மறந்தும் போவாய். நீ செத்துப்போய் ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது. இன்னும் எனக்கு முன்னால் நீதான் போய் நிற்கிறாய். சொன்னால் என்ன, எரிச்சலாகத்தான் இருந்தது.

மேனேஜர் மேடம் "வாங்க, வாங்க" என்றார். அடுத்த மூச்சிலேயே, "அவரு இருந்திருந்தா இந்நேரம் வேல முடிஞ்சிருக்கும் லா," என்றார். நான் பையைக்கூட இன்னும் கீழே வைக்கவில்லை.

நாம் ஜோடியாக வேலைக்குப் போன இடமெல்லாம் இதே பாட்டுதான். தங்காக் துணிக்கடையில் உன்னைக் கேட்டார்கள். லாபிஸில் உன்னைக் கேட்டார்கள். என் வீட்டிலேயே, நீ சாப்பிட வந்தபோதெல்லாம், அசாம் பெடாஸ் புளிக்குழம்பின் மீன் தலை உன் தட்டுக்குத்தான் போகும். "அண்ணன் ரசிச்சுச் சாப்பிடுவாரு" என்பாள் என் மனைவி. நான் என்ன, வைக்கோலையா மென்றுகொண்டிருந்தேன்?

இங்கே நாம் சேர்ந்து வைத்த கிளஸ்டர் நினைவிருக்கும் உனக்கு. சர்வர் அறையில் ஒரு மெஷின், முற்றத்துக்கு அந்தப் பக்கம் ஸ்டோர் கட்டடத்தில் இன்னொன்று. வெளியே இரண்டுக்கும் ஒரே பெயர். ஒன்று விழுந்தால் மற்றது எழுந்து, வேலையாட்களின் லாகினைச் சரிபார்த்து உள்ளே விட வேண்டும். விடாவிட்டால் டெலிவரி தாள் அச்சாகாது, லாரி கேட்டைத் தாண்டாது. மற்றவர்கள் இதை ஆளில்லாத ஞாயிற்றுக்கிழமையில் சோதித்துவிட்டுப் போவார்கள். நீ மட்டும் தொழிற்சாலை மும்முரமாக ஓடும் காலை நேரத்தில்தான் ஓடுகிற மெஷினின் வயரைப் பிடுங்குவாய். "ஆளு இல்லாதப்ப எழுந்தா என்ன, எழாட்டி என்ன? வேல நடக்கறப்ப எழணும்டா," என்பாய். என்னை ஸ்டோருக்கு அனுப்பிவிட்டுப் போன் போடுவாய்.

"நிக்கிறியா?"

"நிக்கிறேன். இழு."

ஒருமுறை அப்படி இழுத்தபோது இரண்டாவது மெஷின் எழுந்தது, ஆனால் ஒருவரையும் உள்ளே விடவில்லை. ஆபீஸ் முழுக்க "அலமாக், லாகின் போகல!" என்று கூச்சல். வெளியே லாரிக்காரர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. கோளாறைக் கண்டுபிடித்தவன் நான். லாகினைச் சரிபார்க்க மெஷினுக்கு வேண்டிய ரகசியச் சாவிக் கோப்பை ஒருமுறை உருவாக்கி எடுத்து, அதையே இரண்டு மெஷினிலும் நகல் போட வேண்டும். மறுபடி புதிதாக எடுத்தால் பழையது செல்லாது. நம் ஆபீஸில் யாரோ உன் பக்கத்து மெஷினுக்குப் புதுச் சாவி எடுத்துப் போட்டுவிட்டு, என் பக்கத்து மெஷினை மறந்திருந்தார்கள். நான் ஸ்டோரில் உட்கார்ந்தபடியே இன்னொரு சாவி எடுத்துப் போட்டு, நீ வயரை மறுபடி செருகியதும் அதன் நகலை உன் பக்கத்துக்கும் அனுப்பினேன். லாரி கிளம்பியது.

நான் முற்றத்தைத் தாண்டி வருவதற்குள் எல்லாரும் உன்னைச் சூழ்ந்து நின்றார்கள். மேடம் உன் கையில் கோப்பியைக் கொடுத்துக்கொண்டிருந்தார். நீ என்னைக் காட்டி, "நான் இல்ல மேடம், அவன்தான் கண்டுபிடிச்சான்," என்றாய். மேடமோ, "பாத்தீங்களா, எவ்வளவு அடக்கம்!" என்று உன்னையே புகழ்ந்தார். உண்மையைச் சொல்லியும் நல்ல பெயர் வாங்குகிற ஆளோடு எப்படியடா போட்டி போடுவது?

திரும்பும் வழியில் மீ பண்டுங் நூடுல்ஸ் கடையில் நிறுத்தினாய். "ஏன்டா மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்க?" என்று கேட்டாய். உன் தட்டிலிருந்த இறாலையெல்லாம் என் தட்டுக்குத் தள்ளினாய். நான் ஒன்றுவிடாமல் தின்றேன். பொறாமை மட்டும் துளியும் குறையவில்லை.

இன்று அதே இடத்தில் புது மெஷின்கள். இப்போதெல்லாம் நம் ஆபீஸிலிருந்து ஒரே ஆளைத்தான் அனுப்புகிறார்கள். இன்றைக்காவது என் பெயர் இங்கே நிற்கட்டும் என்றுதான் வந்தேன். சாவியை ஒருமுறை எடுத்து இரண்டிலும் போட்டேன், இரண்டு தடவை சரிபார்த்தேன். வெளியே மரம் அறுக்கும் மெஷின்கள் இரைந்துகொண்டிருந்தன. வயரைப் பிடித்தேன். இழுக்கக் கை வரவில்லை. இன்னொரு கை தானாகவே போனை எடுத்திருந்தது. யாரைக் கூப்பிடுவது?

பின்னால் நின்ற மேடம் சிரித்தார். "அவரும் இப்படித்தான் போனும் கையுமா நிப்பாரு. ஏன் சார் இன்னும் இழுக்கலன்னு ஒருநா கேட்டேன். 'அவன் அந்தப் பக்கம் போய்ச் சேரட்டும் மேடம். அவன் அங்க நிக்காம எனக்குக் கை வராது'ன்னாரு."

இதை நீ என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

இழுத்தேன். இழுத்துவிட்டு, முற்றத்தில் மரத்தூளை மிதித்துக்கொண்டு ஸ்டோருக்கு ஓடினேன். இரண்டாவது மெஷின் எழுந்து ஒவ்வொருவராக உள்ளே விட்டுக்கொண்டிருந்தது. மூச்சு வாங்கத் திரும்பி வந்தபோது ஆபீஸில் யாரும் தலை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மேடம் மட்டும், "அவரு மாதிரியே செஞ்சிட்டீங்க லா," என்றார். அதிலும் நீதான்.

தைலக் குப்பியின் மூடியை இறுக்கித் திருகி என் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். உன்மேல் பொறாமை தீர்ந்துவிட்டது என்று மட்டும் நினைத்துக்கொள்ளாதே. இன்றைக்குக் கூடித்தான் போயிருக்கிறது. நீ இழுத்தபோதெல்லாம் அந்தப் பக்கம் நான் நின்றேன். நான் இழுத்தபோது அந்தப் பக்கம் யாருமே இல்லையடா.