மூன்றாம் ஓலையும் ஒரு பெனால்டியும்

சேசு மரி சூசை துணை

தாராவி, பம்பாய்-17
28-8-66, ஞாயிற்றுக்கிழமை

என் அன்புள்ள அத்தானுக்கு,

சர்வேசுரனுக்குத் தோத்திரம் சொல்லி சவரியம்மாள் எழுதிக்கொண்டது. நானும் வேதமுத்துவும் லூர்துவும் சுகம். மழை விட்டபாடில்லை. கூரைத் தகரத்தைப் போன மாதமே மாற்றியது நல்லதாகப் போயிற்று, இல்லையென்றால் கல்யாணப் புடவை நனைந்திருக்கும். பஹ்ரைன் வெயிலில் உங்களுக்கு வேர்க்குரு அடங்கியதா? நான் கொடுத்துவிட்ட சந்தனக்கட்டையை இழைத்துப் பூசுகிறீர்களா, பெட்டிக்குள் மணக்க வைத்திருக்கிறீர்களா?

உங்கள் தந்தி வியாழக்கிழமை வந்தது. தந்திக்காரர் நம் வீட்டு லைனுக்குள் நுழைந்ததுமே எதிர்வீட்டு லூசியம்மாள் யாருக்கோ சாவு என்று ஒப்பாரியைத் தொடங்கிவிட்டாள். யார் பெயரைச் சொல்லி அழுவது என்று தெரியாமல் நடுவில் நிறுத்தி என்னைப் பார்த்தாள். இங்கிலீஷ் தந்தி அல்லவா, லூர்துதான் படித்தாள். கல்யாணத்தை நிறுத்து என்று அப்பா அடித்திருக்கிறார் என்றாள். தன் கல்யாணத்தைத் தன் வாயாலேயே நிறுத்திச் சொன்ன பெண்ணை அன்றுதான் பார்த்தேன். அழவில்லை. தந்தியை மடித்து மாதா சுரூபத்துக்குக் கீழே வைத்துவிட்டு அரிசி களையப் போய்விட்டாள்.

சந்தியாகு அண்ணன் உங்களுக்கு ஏர்மெயிலில் எழுதியிருப்பது அதற்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அவர் என்ன எழுதினார் என்று நான் கேட்கவில்லை. நடந்ததை நான் எழுதுகிறேன். செபப் புத்தகத்தைப் பார்த்து எழுத்துக் கூட்டிப் படித்தவள் நான், அவரைப் போல மேளம் அடித்து எழுத வராது. ஆனால் ஒன்றைக் கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். அது உங்களுக்குத் தெரியும்.

நீங்கள் போட்டோ பார்த்துச் சம்மதம் எழுதிய செம்பூர் மாப்பிள்ளை தனசீலன், துறைமுகத்தில் கிளார்க் வேலை போக, ஞாயிறுகளில் ஃபுட்பால் ரெஃப்ரியாகவும் போகிறார் என்று முன்பே எழுதியிருந்தேன். ஆகஸ்ட் பதினான்காம் தேதி நம் கோயில் பூசையில், இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், விக்கினம் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று முதல் ஓலை வாசித்தார்கள். இப்போது லத்தீன் போய் எல்லாம் தமிழில்தானே, நம் லூர்து பெயரைச் சாமியார் சொன்னபோது கோயிலே திரும்பி எங்களைப் பார்த்தது. மறுநாள் மாதா விண்ணேற்புத் திருநாள், சுதந்திர தினமும் அதுதான். அன்று சாயங்காலம் கோப்பைக்கான கடைசி ஆட்டம், நம் மிக்கேல் டீமுக்கும் வடாலா டீமுக்கும்.

ரெஃப்ரியாக வரவேண்டிய பார்சிக்காரருக்குக் காய்ச்சல். கமிட்டியார் தனசீலனைக் கூப்பிட்டார்கள். மிக்கேல் டீமில் விளையாடும் வேதமுத்து எனக்கு மைத்துனர் ஆகப்போகிறவர், நான் நிற்பது முறையில்லை என்று அவர் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். வடாலா கேப்டன் மன்சூர் அலிதான், இதை நீயே வாய்விட்டுச் சொல்கிறாய் அல்லவா, அதனால் நீதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாராம்.

நம் ஆட்களுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நம்ம மாப்பிள்ளைதாம்லே ரெஃப்ரி, பாதிக் கோப்பை வீட்டுக்கு வந்தாச்சு என்று சந்தியாகு அண்ணன் கோயில் பேண்டு மேளத்தை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனார். தனசீலன் விசிலோடு உள்ளே வந்ததும், மாப்ளே, சீதனத்துக்குக் கைமாறு இன்னைக்கே செஞ்சிரும் என்று ஒருவர், மாமியார் குடை பிடிச்சு நிக்கிறாங்க, பார்த்து ஊதும் வே என்று ஒருவர். எனக்கு வெட்கமாகப் போயிற்று. அந்தப் பிள்ளை யார் பக்கமும் திரும்பவில்லை.

ஆட்டத்தை என்னவென்று சொல்ல! சேறு முழங்காலுக்கு. யார் எந்த டீம் என்று சட்டை தெரியவில்லை, ஓடுகிற திசையை வைத்துத்தான் கண்டுபிடித்தோம். இடைவேளைக்கு முன்னால் ஆளுக்கொரு கோல். நாங்கள் பெண்கள் நம் கோலுக்குப் பக்கத்தில் குடைக்கடியில் நின்றோம். நான் செபமாலை சொல்லிக்கொண்டே பார்த்தேன். பந்து நம் பக்கம் வந்தபோதெல்லாம் அருள்நிறை மந்திரம் தன்னால் வேகமாகப் போயிற்று, மாதா மன்னிக்க வேண்டும்.

ஆட்டம் முடியப்போகிற நேரம். வடாலாவுக்கு ஒரு கார்னர். கோலுக்கு முன்னால் பத்துப் பன்னிரண்டு பேர் ஒரே குவியல். பந்து வந்தது, எல்லாரும் எழும்பினார்கள், கீழே விழுந்தார்கள், பந்து வெளியே தெறித்தது. விசில் ஒலித்தது. தனசீலன் நேரே வந்து வேதமுத்துவைக் காட்டி, பந்து கையில் பட்டது, பெனால்டி என்றார். வேதமுத்து இரண்டு கையையும் விரித்து, என் மேல படவேயில்ல என்று காட்டினான். மைதானமே இடிந்து விழுந்தது போல ஒரு சத்தம். மன்சூர் அலியே அடித்தார், கோல். கோப்பை வடாலாவுக்குப் போயிற்று.

பெனால்டி அடிப்பதற்கு முன்னால் நடந்ததையும் சொல்லவேண்டும். சந்தியாகு அண்ணன் கோபத்தில் ஒரு செருப்பைக் கழற்றி எறிந்தார். அது தனசீலன் முதுகில் பட்டுச் சேற்றில் விழுந்தது. அவர் குனிந்து எடுத்தார், ஆட்டத்துக்கு இடைஞ்சல் இல்லாமல் கோட்டுக்கு வெளியே வைத்தார், பிறகு பெனால்டி எடுக்கச் சொன்னார். ஆட்டம் முடிந்ததும் கூட்டம் நெருக்கியதில் அவருடைய விசில் சேற்றில் போனது போனதுதான். சந்தியாகு அண்ணன் ஒற்றைச் செருப்போடு வீட்டுக்குப் போனார். மூன்றாம் நாள் செம்பூரிலிருந்து அந்த இன்னொரு செருப்பு, கழுவி, பேப்பரில் சுற்றி வந்து சேர்ந்தது. அது அவருக்கு இன்னும் கோபம். அந்தப் பேப்பரை லூர்து படித்துக் காட்டினாள். லண்டனில் நடந்த உலகக் கோப்பைக் கடைசி ஆட்டத்தில் பந்து கோட்டைத் தாண்டியதா இல்லையா என்று வெள்ளைக்காரர்களே இன்னும் அடித்துக்கொள்கிறார்களாம். நம் லைனில் சண்டை போடுவதில் என்ன அதிசயம்.

அதற்குப் பிறகு குழாயடியில் எனக்கு யாரும் முகம் கொடுக்கவில்லை. சொந்த மச்சினனுக்கே துரோகம் செய்தவனுக்கா பெண்ணைக் கொடுப்பது என்று பேச்சு. புதன்கிழமை சந்தியாகு அண்ணன் தலைமையில் ஆறு பேர் குளித்து, சட்டை மாற்றி, சாமியாரைப் பார்க்கப் போனார்கள். ஓலை வாசித்திருக்கிறீர்கள், விக்கினம் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்றும் சொன்னீர்கள், விக்கினம் சொல்ல வந்திருக்கிறோம் என்றார்கள். சாமியார் பயந்துபோய் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாராம். பையனுக்கு ஏற்கனவே கல்யாணம் ஆகியிருக்கிறதா என்று கேட்டார். இல்லை சாமி. இரத்த உறவா? இல்லை சாமி. பெண்ணுக்குச் சம்மதமில்லையா? அதெல்லாம் இருக்கு சாமி. பிறகு என்னதான் விக்கினம் என்றதற்கு, தப்பா பெனால்டி கொடுத்தான் சாமி என்றார்களாம். ரோமாபுரிக்கு எழுதிக் கேட்கிறேன், பதில் வருகிறவரை வீட்டுக்குப் போங்கள் என்று அனுப்பிவிட்டார். போன ஞாயிறு இரண்டாம் ஓலையும் வாசித்துவிட்டார். ஆனால் எல்லாரும் வாயை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பகைத்துக்கொண்ட லைனுக்குள் ஒரு கல்யாணத்தை எப்படி நடத்துவது? நீங்களும் இங்கே இல்லை.

அன்று மாலை தனசீலன் தனியாக நம் ஒற்றை அறைக் கோலிக்கு வந்தார். வாசலோடு நின்றார். அத்தை, உங்களுக்குக் கஷ்டம் என்றால் கல்யாணத்தைத் தள்ளி வைக்கலாம், எத்தனை மாதமானாலும் காத்திருக்கிறேன், ஆனால் கையில் படவில்லை என்று மட்டும் என்னைச் சொல்லச் சொல்லாதீர்கள் என்றார். காப்பி குடிக்காமல் போய்விட்டார். அவர் போன பிறகு லூர்துவிடம், உன் மனதில் என்னடி என்று கேட்டேன். அவர் அன்னைக்கு ஊதாம இருந்திருந்தாத்தான் நான் யோசிச்சிருப்பேம்மா என்றாள்.

வேதமுத்து சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். அதைக் கேட்டான். எழும்பவில்லை.

அத்தான், பந்து அவன் கையில் பட்டதை நான் பார்த்தேன். கோலுக்குப் பக்கத்தில்தானே நின்றேன். எல்லாரும் எழும்பியபோது அவன் கை மட்டும் எல்லாருக்கும் மேலே இருந்தது. லைனில் வாயைத் திறந்து சொல்லிவிடலாம் என்று எத்தனையோ முறை நாக்கு நுனிவரை வந்தது. நான் சொன்னால் மருமகனுக்காக மகனைக் காட்டிக்கொடுத்தாள் என்று ஆகும். அவனே சொல்லவேண்டும். அதை மட்டும் மாதாவிடம் ஒப்படைத்துவிட்டு, அவனுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பை வைத்து, ஒன்றும் கேட்காமல் சோறு போட்டேன்.

இன்று காலை மூன்றாம் ஓலை. சாமியார் வாசித்து முடித்து, விக்கினம் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்றார். ஆண்கள் பக்கம் சந்தியாகு அண்ணன் எழுந்து நின்றார். அவர் தொண்டையைச் செருமுவதற்குள் பின்வரிசையிலிருந்து வேதமுத்து எழுந்தான். சாமி, அது கையிலதான் பட்டுச்சு என்று கோயில் கூரை வரை கேட்கச் சொன்னான்.

சாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மகனே, இது பாவசங்கீர்த்தனம், இதற்குச் சனிக்கிழமை சாயங்காலம் வரவேண்டும், இப்போது உட்கார் என்றார். முதலில் லூசியம்மாள் சிரித்தாள், பிறகு கோயிலே சிரித்தது. சந்தியாகு அண்ணன் இன்னும் நின்றுகொண்டிருந்தார். உமக்கு என்ன விக்கினம் என்று சாமியார் கேட்டார். அவர் சுற்றும்முற்றும் பார்த்தார். விக்கினம் ஒண்ணும் இல்ல சாமி, பந்தல் போட ஆள் வேணும், அதைச் சொல்லத்தான் எழும்பினேன் என்றார். பூசையில் இப்படிச் சிரித்ததற்கு நான் தனியாக ஒரு ஐம்பத்துமூன்று மணி செபமாலை சொல்லவேண்டும்.

இதோடு முடிந்ததா? மத்தியானமே எல்லாரும் செம்பூருக்குப் புறப்பட்டார்கள். மேளத்துக்கு டிக்கெட் எடுத்தால்தான் பஸ்ஸில் ஏற்றுவேன் என்று கண்டக்டர் சண்டை. எடுத்தார்கள். மேளத்தோடு ஒரு கூட்டம் தெருவில் வருவதைப் பார்த்து, அடிக்கத்தான் வருகிறார்கள் என்று சம்பந்தியம்மா கதவைத் தாழ் போட்டுவிட்டார்களாம். வெளியே நின்று சந்தியாகு அண்ணன், பெனால்டி சரிதான், கதவைத் திறங்க என்று கத்தினாராம். வேதமுத்து உள்ளே போனதும் தனசீலன் அவன் கையைப் பிடித்து, கார்னர் பந்து எங்கே வரும் என்று நீ கணித்தது நன்றாக இருந்தது, கையைத்தான் வீட்டில் வைத்துவிட்டு வந்திருக்கவேண்டும் என்றாராம். இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள் என்று கேள்வி.

சந்தியாகு அண்ணன் இப்போது வாசலில் நிற்கிறார். மச்சானுக்கு நான் எழுதினதை அடுப்பில் போடச் சொல்லு தங்கச்சி என்கிறார். அடுப்பில் போடாதீர்கள். கொண்டு வாருங்கள், பந்தலில் வாசிக்கலாம்.

இன்னொன்று. நமக்குக் கல்யாணமாகி வந்த முதல் மழைக்காலத்தில் நீங்கள் அடித்த கோலை இந்த லைனில் இன்னும் எல்லாரும் சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுகிறார்கள். பந்தைக் கோட்டு ஓரத்திலிருந்து இழுத்து வந்து அடித்தீர்களே, அந்தக் கோல். லைன்ஸ்மேன் வழுக்கி விழுந்திருந்தார். ரெஃப்ரி தூரத்தில் இருந்தார். எலுமிச்சைத் தண்ணீர்ச் செம்போடு நான் அந்தக் கோட்டின் மேல்தான் நின்றேன். இத்தனை வருஷமாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. இப்போதும் சொல்லவில்லை.

செப்டம்பர் பன்னிரண்டாம் தேதி திங்கள்கிழமை காலைப் பூசையில் கல்யாணம். அதற்கு முந்தின கப்பலில் நீங்கள் இறங்கிவிட வேண்டும். மகளைக் கோயில் வாசலிலிருந்து பீடம் வரைக்கும் கூட்டிப்போக என் கை போதாது. வரும்போது அங்கே நல்ல பித்தளை விசில் கிடைத்தால் ஒன்று வாங்கி வாருங்கள். மருமகனுக்கு அதை நான் கொடுத்தால் ஆகாது, உங்கள் கையால் கொடுக்கவேண்டும். அந்தச் செம்பைப் புளி போட்டுத் தேய்த்து வைத்திருக்கிறேன், கல்யாணத்தன்று தண்ணீர் அதில்தான்.

மிக்கேல் சம்மனசு உங்கள் கப்பலுக்குக் காவலாக முன்னால் வரட்டும். அடுத்த தந்திக்கு ஒரு வார்த்தை போதும்.

உங்கள் வரவுக்குக் காத்திருக்கும்,
சவரியம்மாள்