சுள்ளானுக்கு ஊற்றிய ஆட்டு மருந்து

அன்புள்ள பாப்பாவுக்கு,

சித்தி எழுதுகிறேன். தினமும் அப்பாவோடு போனில் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய், பொறுத்துக்கொள். போனைக் கையில் கொடுத்தால் சாப்பிட்டியா என்பதற்கு மேல் எனக்கு வாய் வருவதில்லை. இங்கே நாங்கள் சுகம், நீயும் சளி இருமல் இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன்.

நம் நாய் சுள்ளான் சீக்காளியான கதையை அப்பா உன்னிடம் பாதிதான் சொல்லியிருப்பார். ஆடுகளுக்குக் குடற்புழு மருந்து கொடுக்கும் அன்று மிஞ்சியதைப் பட்டி நாய்களின் வாயிலும் ஊற்றிவிடுவது நான் உன் அப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டு வரும் முன்பிருந்தே நம் வீட்டு வழக்கம்தானே, நாய்க்குத் தனி மருந்து வாங்கும் செலவு மிச்சம் என்று. இதுவரை வந்தது வெள்ளை மருந்து, தப்பித்தோம். இந்த முறை கடைக்காரர் ஐவர்மெக்டின் என்ற வேறு மருந்தைக் கொடுத்துவிட்டார். ஆட்டுக்கான அளவு நாய்க்கு ஆகாதுங்க, மந்தை மேய்க்கிற ஜாதின்னா மூளையையே தாக்கும் என்று நான் சொன்னேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு ஆகுமா என்று அப்பா சிரித்துக்கொண்டே ஊற்றினார். காலேஜில் பட்டம் வாங்கியவள் நான், காலி பாட்டிலைக் கழுவப் போனேன். சாயங்காலம் சுள்ளான் குடிகாரன் மாதிரி தள்ளாடி, எச்சில் ஒழுக, கொட்டகைத் தூணில் முட்டி விழுந்தான். டாக்டரிடம் போகலாம் வாங்க என்று நான் கத்தியும் அவர் உனக்குத்தான் போன் போட்டார். நீயும் அதையே சொன்னாய், உடனே வண்டியை எடுத்தார். ஆஸ்பத்திரியில் நாய் என் மடியில் கிடக்கிறது, அவர் டாக்டரிடம், எம் பொண்ணு சொல்லித்தான் சார் கொண்டாந்தேன் என்கிறார். எனக்கு வயிறு எரிந்தது பாப்பா, ஒளிப்பானேன். பிழைத்து எழுந்த அந்த நன்றி கெட்டவனும் போனில் உன் குரல் கேட்டதும்தான் வாலை ஆட்டினான். சோறு வைப்பது நான், வால் உனக்கு.

ஆட்டு மருந்தே கூடாது என்று டாக்டர் சொல்லவில்லை. அந்த வெள்ளை மருந்து ஃபென்பெண்டசோல், அது நாய்க்கும் ஆகுமாம், செலவும் குறைவு, ஆனால் மிச்சத்தை ஊற்றாமல் ஒவ்வொரு நாயின் எடைக்கும் தான் சொல்லும் அளவை ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து, சொன்ன நாள்வரை கொடுக்கச் சொன்னார். தட்டைப்புழுவுக்குத் தனி மாத்திரை. நாயைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி, பிறகு என்னைக் கழித்துக் கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். அப்பாவோ பக்கத்துப் பட்டிக்காரர் சொன்ன அளவே போதும் என்று நிற்கிறார்.

வேளைக்குச் சாப்பிடு, ஈரத்தலையோடு வேலைக்கு ஓடாதே. எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும், இதை எரிச்சல் இல்லாமலேதான் எழுதுகிறேன்.

இன்னும் ஒன்று, இதைக் கேட்கத்தான் இவ்வளவும் எழுதினேன். மருந்து கொடுக்கும் முன் அப்பா எப்படியும் உன்னைக் கேட்பார். பதில் தெரிந்தாலும் சொல்லாதே. சித்தியக் கேளுங்கப்பா என்று மட்டும் சொல்.

உன் சித்தி